ஏழாவது பீங்கான்

விளையாட்டு வெளியாகி இரண்டாம் நாள். பஸ்லியா இன்னும் கணினியைத் திறக்கவில்லை. பின்முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கனவே கொடியில் கிடந்ததையே எடுத்து மறுபடி உதறிப் போடுகிறாள் என்பதைக் குசினியில் சமைத்தபடி ஜன்னலால் ஜலீலா கண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் குடும்பத்தோடு முதல் வாரத்திலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு அந்தத் தாயின் மௌனம் பழக்கமானது. இன்றைக்குத்தான் வந்து சேருகிறவர்களுக்காக நாலு வரி.

யாழ்ப்பாணம் சோனகதெருவில் ஹலீமின் வீடு. கஸ்தூரியார் வீதியில் அவருக்கு இரும்புச் சாமான் கடை. மனைவி ஜலீலா, மகன் சுப்யான், மகள் பஸ்லியா. சில வருடங்களுக்கு முன் நானாவும் தங்கச்சியும் சேர்ந்து ‘உள்தாழ்’ என்று ஒரு கணினி விளையாட்டுச் செய்தார்கள். ஆளில்லாத ஒரு வீட்டுக்குள் பின்பக்கத்தால் நுழைந்து, பூட்டுகளையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அங்கே வாழ்ந்தவர்கள் யார், ஏன் போனார்கள் என்று கண்டுபிடிக்கிற மர்ம விளையாட்டு. கடைசியில் ஒரு கேள்வி மட்டும் மிஞ்சும். முன்கதவு உள்ளே தாழ்ப்பாள் போடப்பட்டிருக்கும். உள்ளே ஒருவரும் இல்லை. பூட்டியது யார்?

விளையாட்டு அதைச் சொல்லவில்லை. ரொறன்ரோவிலிருந்து கோலாலம்பூர்வரை விளையாடியவர்கள் அதற்காகவே இணையத்தில் சண்டை பிடித்தார்கள்.

அந்தக் கேள்வி பஸ்லியாவின் கற்பனை இல்லை. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது ஹலீமின் குடும்பமும் கதவை இழுத்துச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கியது. பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் கழித்து அவர் வந்து பார்த்தபோது ஓடு இல்லை, ஜன்னல் இல்லை, பின்கதவு இல்லை. முன்கதவு மட்டும் நின்றது, உள்தாழ்ப்பாள் போட்டபடி. அதை அவர் எப்போதாவது ஒரு விசித்திரமாகச் சொல்வார். அதிலிருந்துதான் விளையாட்டுப் பிறந்தது.

இப்போது வந்திருப்பது அதன் முன்கதை. அந்த வீட்டில் அவர்கள் வாழ்ந்த கடைசி நாள். இதற்காகப் பஸ்லியா கொழும்பு வேலையை விட்டாள். சுப்யான் கட்டாரிலிருந்து வந்து இரண்டு வருடம் கூட உழைத்தான். இது சரிவராவிட்டால் திரும்பவும் கட்டாருக்குத்தான் என்று உம்மாவிடம் சொல்லிவைத்திருந்தான்.

அவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கே வந்துவிட்டான்.

“வாசிக்கட்டோ?”

“நல்லதை மட்டும் வாசியுங்கோ நானா.”

“அப்ப கெதியா முடிஞ்சிடும்.”

அவள் சிரித்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

“முதல் விளையாட்டில் பூட்டுகளைத் திறந்தோம். இதில் அதே பூட்டுகளைப் பூட்டச் சொல்கிறார்கள். திறக்கத் தெரிந்தவனுக்குப் பூட்டுவதில் என்ன மர்மம்?” சுப்யான் செய்தி வாசிப்பவனைப்போல வாசித்தான். “இது மலேசியாக்காரர். அடுத்தது, பாதி நேரம் சமையல், மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கிறதும் ஒரு புதிரா எண்டு ஒராள்.”

“அந்த அடுப்புக்கு நான் ஒரு மாசம் மினக்கெட்டனான்.”

“அதுதான் அவருக்கும் ஒரு மாசம் மாதிரி இருந்ததாம்.”

இன்னும் இருந்தது. பெரும்பாலானவர்களின் கோபம் முடிவின்மேல். முன்கதையில் கதவைப் பூட்டுகிறவர் பக்கத்து வீட்டு வாத்தியார். எல்லாரும் போன பின் பின்வாசலால் வந்து, கண்டவர்கள் நுழையக்கூடாது என்று முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போகிறார். பேய் இல்லை, கொலை இல்லை, புதையல் இல்லை. ‘அவ்வளவுதானா’ என்ற ஒரே சொல்லை நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள்.

“நான் அப்பவே சொன்னனான்” என்றான் சுப்யான். குரலில் குத்தல் இல்லை, களைப்பு இருந்தது. “மூண்டு வருசம் காத்துக்கொண்டிருந்தவைக்கு வாத்தியார் மட்டும் காணாது.”

“ஒராள் நல்ல மனிசனா இருந்தால் காணாதோ?”

“கதைக்குக் காணாது பஸ்லியா.”

விளையாடுகிறவருக்கு அந்த நாள் எப்படி முடியும் என்று தெரியும். வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. மீனுக்குப் புளி கரைக்கிறார்கள், சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறார்கள். அந்த வித்தியாசம்தான் இந்த விளையாட்டின் உயிர் என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கை இப்போது கொஞ்சம் ஆடியது.

“ஒண்டு நல்லதும் இருக்கு” என்று சுப்யான் திரையைக் கீழே தள்ளினான். “லண்டனிலை ஒரு பெண் எழுதியிருக்கிறா. ‘பெட்டிக்குள் கொஞ்ச உடுப்புத்தான் வைக்கலாம் என்ற புதிரில் வெகுநேரம் இருந்தேன். எதை வைத்தாலும் பிழை என்று கடைசியில்தான் விளங்கியது. அதற்குப் பிறகு என்னால் அன்றைக்கு வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.’”

பஸ்லியா அதை வாங்கித் தானே ஒருமுறை வாசித்தாள். அந்தப் புதிரை எழுதிய கிழமை முழுவதும் அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

“சரி, இதைப் பார்” என்று சுப்யான் இன்னொரு பக்கத்தைத் திறந்தான். “உது நீ வேணுமெண்டு செய்ததோ?”

விளையாட்டில் வருகிற குசினியின் படம். பீங்கான்கள் அடுக்கிய பலகைத் தட்டில் யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஆறு பேர்: ஹலீமின் பெற்றோரான பஸ்லியாவின் மூத்தவாப்பா, வாப்பும்மா, அவர்களோடு இருந்த ஒரு கிழவி, ஹலீம் ராத்தா என்று கூப்பிடுகிற அக்கா சஜீதா மாமி, மாமியின் புருசன், இளைஞனாக ஹலீம். சோறு போட்டுச் சாப்பிடுகிற பீங்கான்கள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் கரை வேறு நிறம். பகல் சாப்பாட்டில் ஆறு பேரும் ஆளுக்கொன்றாக எடுக்கிறார்கள். பச்சைக் கரை போட்ட பீங்கான் ஒன்று மட்டும் விளையாட்டு முடியும்வரை தட்டிலேயே இருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை.

‘ஏழாவது ஆள் யார்?’ என்று அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு. கீழே ஓயாமல் பதில்கள். அறைக்குள் ஒளித்து வைத்திருக்கிற ஆள் என்றார் ஒருவர். அது விளையாடுகிற நமக்கு வைத்த பீங்கான் என்றார் இன்னொருவர். முன்கதை சப்பென்று இருக்கிறது என்று முதல்நாள் திட்டியவர்களே திரும்பவும் உள்ளே போய், படுக்கைகளை எண்ணி, செருப்புகளை எண்ணி, ஏழாவது ஆளுக்காக வாசலில் வந்து நின்றிருந்தார்கள்.

“இல்லை நானா” என்றாள் பஸ்லியா. “நான் எண்ணிப் பாக்கேல்லை.”

படங்களைக் கீறியவன் கரவெட்டியிலிருக்கிற நிருஷன். அவள் உடனே அவனுக்குப் போன் எடுத்தாள்.

“பிழையோ?” என்று அவன் பதறினான். “நீங்கள் அனுப்பின குரல்பதிவைக் கேட்டுத்தான் கீறினனான், பஸ்லியா. உங்கடை வாப்பா அந்தக் குசினியைச் சொல்லிக்கொண்டு போறார். அதிலை ஏழு பீங்கான் எண்டவர். எல்லாத்தின்ரை கரையும் சொன்னவர். ஒண்டு கூட இருந்தால், வாற விருந்தாளிக்கு ஆக்கும் எண்டு நினைச்சன்.”

“இல்லை, பிழை இல்லை. நீங்கள் வடிவாத்தான் கேட்டிருக்கிறியள்.”

போனை வைத்த பிறகும் அவள் வாளியிலிருந்து எழும்பவில்லை. அந்தப் பதிவை அவளும் பலமுறை கேட்டிருக்கிறாள். எங்கோ இருக்கிற யாரோ அந்தக் குசினிக்குள் ஒருதரம் நுழைந்து கண்டதை, அந்த வீட்டுப் பிள்ளை காணவில்லை.

*

மதிய லுஹர் தொழுகை முடித்து ஹலீம் சாப்பிட வந்தார். ஐந்தரை அடி மனிதர், குறைவாகக் கதைப்பவர். கடையில் ஆணி வாங்க வருகிறவர்களுக்கே கேட்டதற்கு மேல் ஒரு சொல் கிடைக்காது.

சோறு பரிமாறும்வரை பஸ்லியா பொறுத்தாள்.

“வாப்பா, பழைய குசினியிலை ஏழு பீங்கான் இருந்தது எண்டு சொன்னீங்கள். ஆள் ஆறு பேர்தானே?”

ஹலீமின் கை சோற்றில் நின்றது. ஜலீலா கறிச்சட்டியை மேசையில் வைத்தாள்.

“சாப்பிடேக்கை உதெல்லாம் ஏன் இப்ப?”

“கேமிலை அதைத்தான் உம்மா எல்லாரும் கேக்கினம்” என்றான் சுப்யான்.

“கேட்டால் கேக்கட்டும். வாப்பா சாப்பிடட்டும்.”

ஹலீம் சாப்பிட்டு முடித்தார். அவசரப்படவில்லை. கை கழுவி, துவாயில் துடைத்து, பிள்ளைகளின் மேசைக்கு வந்தார். இதுவரை அவர் அந்த விளையாட்டைப் பார்த்ததில்லை. முடித்த பிறகு காட்டுங்கோ என்று மட்டும் சொல்லியிருந்தார்.

“போடு, பாப்பம்.”

சுப்யான் எழுந்து கதிரையைக் கொடுத்தான். பக்கத்தில் நின்று, அவர் சொன்ன இடத்துக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனான். முன்விறாந்தை. கிணற்றடி. மாமியின் அறை. ஹலீம் சின்னச் சின்னதாகத் தலையசைத்தார். குசினிக்குள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சிவப்பு வாப்பான்ரை. வெள்ளை உம்மான்ரை. நீலம் ராத்தான்ரை” என்று விரலைக் கிட்டக் கொண்டுபோனார். “பச்சை றியாஸின்ரை.”

“றியாஸ் சாச்சா சின்ன வயசிலை மௌத்தானவர் எண்டுதானே உம்மா சொன்னவ” என்றாள் பஸ்லியா. வாப்பாவின் தம்பி எப்போதோ இறந்துவிட்டார் என்றே அவள் அறிந்திருந்தாள்.

“பதினேழு சின்ன வயசுதானே” என்றாள் ஜலீலா பின்னாலிருந்து. அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“மௌத்து எண்டு ஆரும் சொல்லேல்லை” என்றார் ஹலீம்.

பிறகு அவர் சொன்னார். கடையில் ஒரு பொருளின் விலை சொல்லுகிற அதே குரலில் சொன்னார்.

அன்றைக்குக் காலமை றியாஸ் பருத்தித்துறைக்குச் சைக்கிளில் போனான். அங்கே செபநாயகம் என்று ஒருவரின் ரேடியோக் கடை. றியாஸுக்கு அந்த வேலையில் விசர், அப்படி ஓர் ஆசை. வாரத்தில் இரண்டு நாளாவது அங்கே போய்ப் பழகுவான். அவன் போன பிறகுதான் தெருவில் ஒலிபெருக்கி வந்தது. இரண்டு மணித்தியாலத்தில் போகவேண்டும். அவனுக்கு ஆள் அனுப்ப வழியில்லை. பின்னுக்கு வருவான் என்று சொல்லிச் சொல்லியே உம்மாவைத் தெருவில் இறக்கினார்கள். அவன் வரவில்லை. வவுனியாவிலும் வரவில்லை, புத்தளத்திலும் வரவில்லை.

“நான் திரும்பி வந்த வருசம், முதலிலை பருத்தித்துறைக்குத்தான் போனன். செபநாயகம் அப்ப இருந்தவர். பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொண்டைமானாற்றுப் பக்கத்தாலை வெளிக்கிட்டவன் எண்டார். வீட்டை போறன் எண்டு சொல்லித்தான் வெளிக்கிட்டவனாம். பிறகு நான் இஞ்சை வந்து கதவைத் தள்ளினன். உள்ளாலை பூட்டிக் கிடந்தது.”

அவர் மேசையை உள்ளங்கையால் தடவினார்.

“நாங்கள் சாத்திப்போட்டுத்தான் போனது. தாழ்ப்பாள் போட்டது அவன். அண்டிரவு அவன் எங்கடை வீட்டிலை படுத்திருக்கிறான்.”

கணினியில் விளையாட்டு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஆளில்லை. வாத்தியார் பின்வாசலால் வந்து, தாழ்ப்பாளைத் தூக்கிப் போட்டு, போனார். ஹலீம் அதை முழுவதும் பார்த்தார்.

“நல்ல மனிசன்தான்” என்றார். “ஆனால் அவர் இல்லை.”

“அவ்வளவு காலம் கிடந்த வீடு வாப்பா” என்றான் சுப்யான் மெதுவாக. “ஆரும் பூட்டியிருக்கலாம்.”

ஜலீலா மகனைப் பார்த்தாள்.

“ஓம்” என்றார் ஹலீம். “ஆரும் பூட்டியிருக்கலாம். எனக்கு அவன்.”

இரண்டு வருடமாக அந்த வீட்டை அறை அறையாகக் கட்டியவள் பஸ்லியா. கட்டி முடித்து, தனக்கே தெரியாமல் வாப்பாவின் தம்பியை வெளியே நிறுத்திவிட்டு, கதவை இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறாள்.

“எனக்குத் தெரியாது வாப்பா.”

“சொன்னால்தானே தெரியும், மகள்.” அவர் கதிரையைத் திருப்பினார். “உவை எல்லாரும் என்ன கேக்கினம் எண்டாய்?”

“ஏழாவது ஆள் ஆர், எங்கை போனவர் எண்டு.”

“எத்தினை பேர்?”

“கனபேர். ஆயிரத்துக்கு மேலை இருக்கும்.”

ஹலீம் வெளியே கொடியில் ஆடுகிற துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் தனியத் தேடினன். முகாம் முகாமா. பதிஞ்சு வைக்கிற இடமெல்லாம் பதிஞ்சன். பிறகு கேக்கிறதுக்கும் ஆள் இல்லாமல் போச்சு. புத்தளத்திலை ராத்தாவும் அவன்ரை பேரை எடுக்கிறதில்லை.” திரும்பிப் பார்த்தார். “தேடட்டும்.”

கடைக்குப் போக எழும்பியவர், வாசலில் செருப்பைக் காலில் மாட்டியபடி கேட்டார்.

“அந்தக் கடைசியை மாத்த ஏலுமோ? வாத்தியாருக்குப் பதிலா அவன் வரட்டும். பின்னேரம் வந்து, ஆரும் இல்லை எண்டு கண்டு, கதவைப் பூட்டட்டும்.”

“ஏலும் வாப்பா” என்றாள் பஸ்லியா.

*

அவர் போனதும், பல வாரங்களுக்குப் பிறகு முதல்தடவையாக நானாவும் தங்கச்சியும் வாதாடாமல் ஒரு மேசையில் இருந்தார்கள்.

சுப்யான் நிருஷனோடு கதைத்தான். பதினேழு வயதுப் பையன், ஒரு சைக்கிள், பின்னேர வெளிச்சம். ஒரு கிழமை போதும் என்றான் நிருஷன். பஸ்லியா காட்சியை எழுதத் தொடங்கினாள். வழக்கமாக முதல் வரிக்கே அரைநாள் எடுப்பவள், இன்றைக்கு நிறுத்தாமல் எழுதினாள். பையன் வருகிறான். அடுப்படியில் இன்னும் மண்ணெண்ணெய் மணக்கிறது. தட்டில் அவனுடைய பீங்கான் மட்டும் கவிழ்த்தபடி இருக்கிறது. சோற்றுப் பானைக்குள் மிச்சம் உண்டு. அவன் போட்டுச் சாப்பிடுகிறான். விளையாடுகிறவர் செய்யவேண்டியது அவ்வளவுதான். அவனுக்குச் சோறு போட்டுக் கொடுக்கவேண்டும், படுக்கை விரிக்கவேண்டும், தாழ்ப்பாளைப் போடவேண்டும்.

“உது ஒரு புதிரோ எண்டு கேப்பினம்” என்றாள்.

“கேக்கமாட்டினம்” என்றான் சுப்யான். “ஆளைத் தேடிக் களைச்சுப்போய் நிக்கினம். வந்தாலே காணும்.”

அவன் விளையாட்டின் பக்கத்தில் ஒரு சிறு அறிவிப்புப் போட்டான். ‘ஏழாவது பீங்கானுக்கு ஆள் இருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு வருவார். கதவை அவரே பூட்டுவார்.’

பஸ்லியா தேநீர் ஊற்றி வருவதற்குள் பதில்கள் நிறைந்துவிட்டன. திறக்கத் தெரிந்தவனுக்குப் பூட்டுவதில் என்ன மர்மம் என்று கேட்ட மலேசியாக்காரர், ‘அப்படியென்றால் முதலிலிருந்து விளையாடப் போகிறேன்’ என்று எழுதியிருந்தார். லண்டன் பெண் ஒன்றும் கேட்காமல், ‘அவருக்குச் சாப்பாடு வைத்திருக்கிறீர்களா?’ என்று மட்டும் கேட்டிருந்தாள்.

“கட்டாருக்குப் போற கதையை உம்மாவிட்டை இப்போதைக்குத் திரும்ப எடுக்காதைங்கோ” என்றாள் பஸ்லியா.

“பாப்பம்” என்றான் அவன். ஆனால் முகம் தெளிந்திருந்தது.

மாலை அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. சுப்யான் பள்ளிவாசலுக்குப் போனான். ஜலீலா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். பஸ்லியாவின் போன் அடித்தது. சஜீதா மாமி.

ஹலீமின் ராத்தா அவர். புத்தளத்திலேயே தங்கிவிட்டவர். பெருநாளைக்குப் பெருநாள் அழைப்பார். நோன்பும் இல்லாத, பெருநாளும் இல்லாத ஒரு நாளில் இப்படிக் கூப்பிட்டதில்லை.

“பஸ்லியா, வாப்பா பக்கத்திலை நிக்கிறாரோ?”

“இல்லை மாமி. கடையிலை.”

“அப்ப கேள். உங்கடை கேமை மகன் விளையாடுறவன். பச்சைக் கரைப் பீங்கானைக் காட்டி, ஆரின்ரை உம்மா இது எண்டு கேட்டவன். இப்ப சுப்யான் எழுதினதையும் வாசிச்சுச் சொன்னான். றியாஸ் வந்து கதவைப் பூட்டுவான் எண்டு போடப்போறியளோ?”

“ஓம் மாமி. வாப்பாதான் கேட்டவர். அப்படித்தான் நடந்தது எண்டு சொன்னார்.”

மறுபக்கத்தில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அது நடக்கேல்லை பிள்ளை. கதவைப் பூட்டினது நான்.”

பஸ்லியா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் றோட்டிலை இறங்கியாச்சு” என்றார் சஜீதா. “உம்மான்ரை மருந்துப் போத்தலை விட்டிட்டன் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி ஓடினன். முன்கதவுக்கு உள்ளாலை தாழ்ப்பாளைப் போட்டன். பின்னாலை கிணத்தடியாலை போய், சின்ன ஒழுங்கைப் பாதைக்குள்ளை இறங்கி அவையோடை போய்ச் சேர்ந்தன். ஆரும் கவனிக்கேல்லை. அண்டைக்கு ஆர் ஆரைக் கவனிச்சது?”

“ஏன் மாமி பூட்டினீங்கள்?”

“றியாஸுக்குத்தான். முன்கதவு சும்மா சாத்திக் கிடந்தால் கண்டவையும் நுழைவினம். அவன் இருட்டுப்படத்தான் வருவான். வந்தால் படுக்க ஒரு இடம் வேணும். அதைவிட எனக்கு ஒண்டும் தோணேல்லை.”

“வாப்பாவுக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொல்லத்தான் இருந்தன். ஹலீம் யாழ்ப்பாணம் போய் வீட்டைப் பாத்திட்டு வந்தான். குடிசை வாசல்லை குனிஞ்சு நுழையேக்கையே சொன்னான், ராத்தா, றியாஸ் வீட்டை வந்திருக்கிறான், கதவு உள்ளாலை பூட்டியிருக்கு எண்டு. அவன்ரை முகத்தைப் பாத்தன். அதுக்குப் பிறகு எப்படிச் சொல்லுறது? அந்த ஒண்டை நம்பித்தானே அவன் திரும்பிப் போய் அந்த இடத்திலை வீடு கட்டினவன்.”

ஜலீலா துணிக்கூடையோடு உள்ளே போனாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே போனாள்.

“றியாஸ் வந்தானோ வரேல்லையோ எனக்குத் தெரியாது” என்றார் சஜீதா. “வந்திருக்கவும் கூடும். அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் பூட்டினது நான். வீட்டுக்குள்ளை கிடந்த மட்டும் அது எங்கடை கதை. உலகத்துக்குக் காட்டப் போறியள் எண்டேக்கை என்னாலை பேசாமல் இருக்க ஏலாமல் கிடக்கு.”

“நான் என்ன செய்ய மாமி?”

“நீதான் சொல்லோணும். படிச்ச பிள்ளை.”

பஸ்லியா கிணற்றுக்குள் பார்த்தாள். இந்தப் பதிலுக்காக எத்தனை பேர் எத்தனை நாள் காத்திருந்தார்கள். அவளே எத்தனை பதில் எழுதி அழித்தாள். இப்போது பதில் கையில் இருக்கிறது. அதை யாருக்கும் காட்ட அவளுக்கு விருப்பமில்லை.

“இதை நான் வாப்பாவுக்குச் சொல்லமாட்டன் மாமி” என்றாள். “மறைக்கவும் மாட்டன். நீங்கள்தான் சொல்லோணும்.”

“போனிலையோ?”

“இல்லை. வாங்கோ.”

சஜீதா யாழ்ப்பாணத்தை விட்டுப் போனபின் ஒருமுறைகூட வந்ததில்லை. வீடு குடிபுகுந்த நாளுக்கும் வரவில்லை, சுப்யானின் பட்டமளிப்புக்கும் வரவில்லை. முழங்கால் ஏலாது என்பார். பஸ் பயணம் ஒத்துவராது என்பார். இன்றைக்கும் அதைத்தான் சொல்லப்போகிறார் என்று பஸ்லியா எதிர்பார்த்தாள்.

“ஞாயிற்றுக்கிழமை வாறன்” என்றார் சஜீதா. “மகனோடை வாறன். அதுவரைக்கும் வாப்பாவுக்கு ஒண்டும் சொல்லாதை.”

*

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஹலீம் நேரே பிள்ளைகளின் மேசைக்கு வந்தார். வழக்கமாகச் செய்தி பார்க்கிற நேரம் அது.

“சஜீதா மாமி கதைச்சவ” என்றாள் பஸ்லியா. “ஞாயிற்றுக்கிழமை வாறாவாம்.”

ஹலீம் நம்பாதவரைப்போல ஜலீலாவைப் பார்த்தார்.

“ராத்தா? இஞ்சையோ?”

“ஓம் வாப்பா.”

“கேமைப் பற்றிச் சொன்னியே?”

“அவவுக்குத் தெரியும். மகன் காட்டினவனாம்.”

“அப்ப பச்சைப் பீங்கானைக் கண்டிருப்பா” என்றார். முகம் மலர்ந்திருந்தது. சுப்யான் அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டான். அவர் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே றியாஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தலைமயிரை இடப்பக்கம் வகிடெடுப்பான். ரேடியோவைப் பிரித்தால் சோறு தண்ணி வேண்டாம். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுவான், முன்பல்லில் ஒன்று உடைந்திருந்தது. சுப்யான் எல்லாவற்றையும் நிருஷனுக்குச் சொல்லவேண்டும் என்று மனதில் வாங்கிக்கொண்டிருந்தான். ஜலீலாவும் வந்து கதவோடு சாய்ந்து நின்றாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கும் அதில் பாதி புதிது.

“எப்படி வருவான் எண்டு கீறப்போறியள்?” என்று ஹலீம் கேட்டார்.

“சைக்கிளை முன்கேற்றிலை விட்டிட்டு முன்கதவாலை வாற மாதிரி” என்றான் சுப்யான்.

“இல்லை, இல்லை. அவன் முன்னாலை வரமாட்டான். ஒரு நாளும் வந்ததில்லை. சைக்கிளை ஒழுங்கையிலை சாத்திப்போட்டுக் கிணத்தடியாலைதான் வருவான். வாப்பா முன்விறாந்தையிலை இருப்பார், சுணங்கி வந்தால் ஏச்சு விழும்.” சொல்லிக்கொண்டு வந்தவர், சட்டென்று வேகம் குறைந்தார். நெற்றியைத் தடவினார். “அது ஒண்டுதான் எனக்கு இண்டுவரைக்கும் பிடிபடேல்லை. பின்னாலை வந்தவன், பின்னாலை போனவன். முன்கதவை எதுக்குப் போய்ப் பூட்டினான்?”

சுப்யான் தங்கச்சியைப் பார்த்தான்.

பஸ்லியா எழுதி வைத்திருந்த காட்சியைச் சேமிக்காமலே மூடினாள்.

“மாமி வரட்டும் வாப்பா” என்றாள். “அவவிட்டைக் கேப்பம்.”